வேங்கடத்தின் அடிவாரத்தில் யவனர்: புகுமுக நிலையில் கிரேக்க உரோம நாகரிகக் கல்வி – ஒரு மதிப்பீடு

பள்ளிக் கல்விக்கும் பல்கலைக்கழகக் கல்விக்கும் இடைப்பட்ட காலத்தை முன்னர்ப் புகுமுக வகுப்பு என வழங்கினர். ஆந்திரத்தில் 1969 முதல் அது ஈராண்டு இண்டர்மீடியட் கல்வியாகவும், தமிழகத்தில் 1978 முதல் மேல்நிலைக் கல்வியாகவும் உருமாறிற்று. பெயர் மாறினும் அந்நிலையின் இயல்பு மாறவில்லை. மாணவர் செய்திகளை மனங்கொள்ளும் பருவத்தைக் கடந்து, சான்றுகளை எடைபோடக் கற்கும் வாயில் அது. அவ்வாயிலில் பண்டைக் கிரேக்க உரோம நாகரிகம் நம் மாணவருக்கு எவ்வாறு அறிமுகமாகிறது என்பதை மதிப்பிடுவதே இக்கட்டுரையின் நோக்கம். மதிப்பீட்டுக்குரிய களமாக ரேணிகுண்டாவும் அதன் சுற்றுப்புறமும் கொள்ளப்பெறுகின்றன.

ரேணிகுண்டாவைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. சென்னையிலிருந்து மும்பை செல்லும் இருப்புப்பாதையும் கூடூரிலிருந்து காட்பாடி செல்லும் இருப்புப்பாதையும் சந்திக்கும் இடம் அது. தொல்காப்பியப் பாயிரம் தமிழ்நிலத்திற்கு வடவெல்லையாகக் கூறும் வேங்கட மலைத்தொடரின் அடிவாரமும் அதுவே. இம்மலைக்கு அப்பால் மொழி வேறுபடும் என்பது சங்கப் புலவர்தம் கூற்று. மாமூலனார் பாடிய புல்லியின் நாடும் இப்பகுதியே. 1911-இல் சித்தூர் மாவட்டம் தனியே அமைக்கப்பெறும் வரை சித்தூர், வடஆர்க்காடு மாவட்டத்தின் தலைநகராக இருந்தது. 1960-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாளன்று நடைமுறைக்கு வந்த எல்லை மாற்றத்தில் திருத்தணி தமிழகத்தைச் சார, சத்தியவேடு ஆந்திரத்தைச் சார்ந்தது. இன்று ரேணிகுண்டா, 2022-இல் உருவான திருப்பதி மாவட்டத்தில் உள்ளது. வீட்டில் தமிழும் தெருவில் தெலுங்கும் பாடநூலில் ஆங்கிலமுமாக வளரும் மாணவர் இவ்வூரில் உளர். எந்த மொழியிலிருந்து எந்த மொழிக்குப் போனாலும் இடையில் ஒரு பெயர்ப்பு நிகழ வேண்டும் என்பதை இளமையிலேயே உணர்ந்தவர்கள் அவர்கள். கிரேக்க உரோமக் கல்விக்கு இதனினும் தகுதியான முன்பயிற்சி அரிது. ஆனால் நம் பாடநூல்கள் இத்தகுதியைக் கண்டுகொள்வதில்லை.

பாடநூல்கள்

மைய இடைநிலைக் கல்வி வாரியப் பள்ளிகளில் பதினோராம் வகுப்பு வரலாறு பயில்வோருக்கென, தேசியக் கல்வி ஆராய்ச்சி பயிற்சிக் குழு 2006-இல் உலக வரலாற்று நூலொன்றை வெளியிட்டது. உலக வரலாற்றைத் தொடர்ச்சியான அரசவரிசையாகக் கூறாமல் சில கருப்பொருள்களைத் தேர்ந்து விரிக்கும் முறை அந்நூலில் மேற்கொள்ளப்பட்டது. மெசபொத்தேமிய நகர வாழ்வுக்கு ஓர் இயலும், மூன்று கண்டங்களில் பரவிய உரோமப் பேரரசுக்கு ஓர் இயலும் உள்ளன. கிரேக்கத்திற்குத் தனி இயல் இல்லை. நூலின் அளவு பின்னர்க் குறைக்கப்பட்டபோது வேறு சில இயல்கள் நீக்கப்பட்டன. உரோமப் பேரரசு நிலைபெற்றது.

இந்த உரோம இயல் மேலோட்டமானதன்று. பேரரசர் பெயர்களையும் போர்களையும் அடுக்கும் பழைய முறையிலிருந்து அது விலகி நிற்கிறது. முதலில் சான்றுகளின் வகைகளைப் பிரித்துக் காட்டுகிறது. நூல்கள், கல்வெட்டுகளும் பாப்பிரசுத் தாள்களும் ஆகிய ஆவணங்கள், கட்டடமும் காசும் மட்கலமும் ஆகிய பொருட்சான்றுகள் என்னும் பாகுபாடு தெளிவாக அமைந்துள்ளது. உரோம நகரின் மொந்தெ தெசுத்தாச்சியோ என்னும் மேடு முழுவதும் உடைந்த எண்ணெய்ச் சாடிகளால் ஆனது என்பதைச் சொல்லி, ஆம்போரா எனப்படும் அச்சாடிகளைக் கொண்டு இசுபானிய எண்ணெய் வாணிகத்தை மதிப்பிடும் வழியையும் காட்டுகிறது. பதினாறு வயது மாணவர்க்கு இது நல்ல பயிற்சி.

குறை எங்கே உள்ளது? அவ்வியலின் பார்வை மத்தியதரைக் கடலின் கரைகளிலேயே நின்றுவிடுகிறது. அதே ஆம்போராச் சாடிகளின் உடைசல்கள் புதுச்சேரிக்கு அருகே அரிக்கமேட்டில் கிடைத்தன. 1945-இல் மார்ட்டிமர் வீலர் நடத்திய அகழாய்வு உலகறிந்தது. யவனர் கொணர்ந்த நறுமணத் தேறலைப் பாண்டிய மன்னன் பொற்கலத்தில் ஏந்திப் பருகுவதை நக்கீரர் பாடியுள்ளார். அச்செய்யுளில் தேறல் வந்த 'கலம்' மரக்கலமா, மட்கலமா என்பது உரை வேறுபாட்டுக்கு இடமளிப்பது. மரக்கலம் எனக் கொண்டால் வாணிகத்தின் வழி புலப்படும். மட்கலம் எனக் கொண்டால் ஆம்போராவே கண்முன் நிற்கும். உரோம இயலில் சாடிகளைப் பற்றிப் படித்த மாணவர் அடுத்த நாள் இச்செய்யுளைப் படித்தால், சொற்பொருள் ஆராய்ச்சி எதற்காக என்பது அவர்க்கு விளங்கிவிடும். ஆயின் வரலாற்றாசிரியர் கையில் அச்செய்யுள் இல்லை. தமிழாசிரியர் கையில் அச்சாடி இல்லை.

தமிழகப் பாடநூல்களில் குறை வேறு வகையானது. ஒன்பதாம் வகுப்புச் சமூக அறிவியல் நூலில் 'செவ்வியல் உலகம்' என்னும் பாடம் கிரேக்கத்தையும் உரோமையும் சீனத்தையும் ஒரே பாடத்தில் அடக்க முயல்கிறது. இத்துணைப் பரப்பை அத்துணைச் சில பக்கங்களில் கூறும்போது பெயர்ப்பட்டியல் மிகுவது இயல்பு. பெரிக்கிளீசு காலத்தை ஒரு பத்தியில் கடப்பவர் அவர் காலத்து மக்களாட்சி எவரையெல்லாம் உள்ளடக்கவில்லை என்று வினவ நேரமிராது.

இலங்கையின் நிலை ஒப்புநோக்கத்தக்கது. அங்குக் கல்விப் பொதுத் தராதர உயர்தரக் கலைப் பிரிவில் இந்து நாகரிகம், பௌத்த நாகரிகம், இசுலாமிய நாகரிகம் ஆகியவற்றோடு கிரேக்க உரோம நாகரிகமும் தனிப்பாடமாக இடம்பெற்றுள்ளது. இங்கிலாந்தின் உயர்தரத் தேர்வில் கிரேக்கமும் இலத்தீனும் அறியாதவரும் மொழிபெயர்ப்பு வழியே பயிலத்தக்க செவ்வியல் நாகரிகப் பாடம் உள்ளமை இதற்கு ஒரு முன்மாதிரி எனலாம். நாகரிகம் என்பதை ஒரு பாடத்தின் பெயராக்கி, இலக்கியம், சமயம், அரசியல், கலை ஆகியவற்றை ஒருங்கே நோக்கச் செய்வது இம்முறையின் நன்மை. காலனிய ஆட்சியின் எச்சம் என்று இதனைத் தள்ளிவிடுவது எளிது. அவ்வெச்சமே தமிழ் ஆய்வுக்கு என்ன தந்தது என்பதைக் கீழே காண்போம்.

ஒப்பீட்டின் இருவகை

தமிழர் கிரேக்கரோடு தம்மை ஒப்பிடுவது புதிதன்று. ஒப்பீட்டில் இருவகை உண்டு. ஒன்று பெருமைக்கான ஒப்பீடு. மற்றொன்று அறிதலுக்கான ஒப்பீடு. முதல்வகைக்கு மேடைகளில் பஞ்சமில்லை. கிரேக்கரின் 'ஒரூசா' என்னும் சொல் தமிழ் 'அரிசி'யினின்று பிறந்தது என்பது அம்மேடைகளின் நிலையான மேற்கோள். அச்சொல் ஈரானிய மொழிகளின் வழியே கிரேக்கம் சென்றது என்னும் கருத்து வலுவாக முன்வைக்கப்பட்டிருப்பதை எவரும் குறிப்பதில்லை. இஞ்சியைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லுக்குப் பிராகிருதம் இடைநின்றது என்பதும் மறக்கப்படுகிறது. இடைநின்ற மொழிகளை நீக்கிவிட்டு இரு முனைகளை மட்டும் இணைப்பது சொல்வரலாறு ஆகாது. வேங்கடத்து எல்லையில் வாழ்பவர்க்கு இது சொல்லாமலே விளங்க வேண்டும்: சொற்கள் வழியிலுள்ள ஊர்களில் தங்கித் தங்கியே பயணம் செய்கின்றன.

2004-இல் இந்திய அரசு தமிழைச் செம்மொழி என அறிவித்தது. 2008-இல் தெலுங்குக்கும் கன்னடத்திற்கும் அத்தகுதி கிட்டிற்று. தகுதி வேண்டி எழுதப்பட்ட கட்டுரைகளில் கிரேக்கமும் இலத்தீனும் அளவுகோல்களாகத் திரும்பத் திரும்ப எடுத்தாளப்பட்டன. அளவுகோலையே காணாதவர் அளவைப் போற்றும் நிலை இதனால் விளைந்தது. தமிழ் முதுகலை மாணவருள் ஹோமரின் ஒரு படலத்தையேனும் மொழிபெயர்ப்பில் முழுமையாகப் படித்தவர் எத்துணையர் என்று வினவினால் விடை மகிழ்ச்சி தராது.

இரண்டாம் வகைக்குச் சான்று க. கைலாசபதி. பேராதனையில் பயின்று, பின் இங்கிலாந்தின் பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் கிரேக்கப் பேராசிரியர் ஜார்ஜ் தாம்சனிடம் ஆய்வு செய்த அவர், 1968-இல் ஆக்சுபோர்டு வெளியீடாக வந்த தமது ஆங்கில நூலில் சங்கப் பாடல்களை ஹோமரின் காவியங்களோடு ஒப்பிட்டார். வீரயுகம் என்னும் கருத்தாக்கத்தையும், வாய்மொழிப் பாடலில் வாய்பாடுகள் செயற்படும் முறையையும் கிரேக்க ஆய்விலிருந்து பெற்றுத் தமிழுக்குப் பொருத்திப் பார்த்தார். சங்கப் பாடல்களை வாய்மொழிப் பாடல்களாகவே கொள்ளலாமா என்பதில் பின்வந்தோர் உடன்படவில்லை. அகத்திணையின் நுண்ணிய மரபுகள் புலமை மரபின் ஆக்கம் என்னும் மறுப்பில் வலிமை உண்டு. எனினும் பாணர், பொருநர், விறலியர் ஆகியோரின் சமூக நிலை குறித்து நாம் இன்று எழுப்பும் வினாக்களுட் பல அவ்வொப்பீட்டால் எழுந்தவையே. ஒப்பிட்டதனால் தமிழ் உயர்ந்ததோ தாழ்ந்ததோ இல்லை. அதற்கு முன் கேட்கப்படாத கேள்விகள் கேட்கப்பட்டன. கிரேக்கம் கற்பிக்கும் மரபு இலங்கைப் பல்கலைக்கழகச் சூழலில் உயிரோடிருந்தமை இதற்குத் துணைநின்றது எனக் கருதலாம்.

தமிழிலேயே எழுதியவர்களுள் வெ. சாமிநாத சர்மா தனித்துக் குறிக்கத்தக்கவர். 1895-இல் வடஆர்க்காடு மாவட்டம் வெங்களத்தூரில் பிறந்தவர்; அதாவது சித்தூரைத் தலைநகராகக் கொண்டிருந்த அப்பழைய மாவட்டத்தவர். பிளேட்டோவின் அரசியல் நூலைத் தமிழாக்கியதோடு, 'கிரீஸ் வாழ்ந்த வரலாறு' என்னும் நூலையும் எழுதினார். அத்தலைப்பிலுள்ள 'வாழ்ந்த' என்னும் சொல்லே அவர் நோக்கைக் காட்டும். ஆங்கிலம் அறியாத தமிழரும் உலக அரசியலறிவு பெற வேண்டும் என்னும் வேட்கை அவர் நடையைத் தெளிவாக்கிற்று. ஆங்கில வழியே பெற்றமையால் பெயர்கள் ஆங்கில ஒலியில் அமைந்தன என்பது குறையே. எனினும் புகுமுக மாணவர் கையில் இன்று கொடுக்கத்தக்க தமிழ் நூல் எது என்று கேட்டால், அரை நூற்றாண்டுக்கு மேற்பட்ட அந்நூலையே சுட்ட வேண்டியுள்ளது. பின்வந்தோர்க்கு இது பெருமை தருவதன்று.

சொற்களின் சிக்கல்

மொழி ஆய்வாளர் மிகுதியும் கருத வேண்டியது கலைச்சொற்களை. முதலில் ஊர்ப்பெயர்கள். நம் பாடநூல்கள் 'ஏதென்ஸ்', 'காரிந்த்' என ஆங்கில ஒலிப்பைப் பின்பற்றுகின்றன. 1715-இல் தரங்கம்பாடியில் அச்சு நிறைவெய்திய புதிய ஏற்பாடு தொடங்கி வளர்ந்த விவிலிய மொழிபெயர்ப்பு மரபு, கிரேக்க மூலத்தோடு தொடர்புடையது. அம்மரபில் அத்தேனே, கொரிந்து, எபேசு, தெசலோனிக்கே என்னும் வடிவங்கள் ஊன்றிவிட்டன. தேவாலயத்தில் கொரிந்து எனக் கேட்கும் மாணவர் வகுப்பறையில் காரிந்த் எனப் படிக்கிறார். இரண்டும் ஓர் ஊரே என்பதை ஆசிரியரும் சொல்வதில்லை. முந்நூறாண்டு உழைப்பைச் சமயச் சார்புடையது என்று ஒதுக்கியது வரலாற்று நூலாரின் கவனக்குறைவு.

பொருள் நுட்பம் வேண்டும் சொற்களில் சிக்கல் மேலும் ஆழமானது. கிரேக்கரின் 'துரன்னோசு' என்பதற்குக் 'கொடுங்கோலன்' என்னும் பெயர்ப்பு நிலைத்துவிட்டது. மரபுவழி உரிமையின்றி ஆட்சியைக் கைப்பற்றியவனையே அச்சொல் தொடக்கத்தில் குறித்தது; அவன் ஆட்சி கொடியதாக இருக்க வேண்டுமென்பதில்லை. ஏதென்சு நகரில் கி.மு. 6-ஆம் நூற்றாண்டில் ஆண்ட பெய்சித்திராத்தோசு அத்தகையவர். அரிஸ்டாட்டில் பெயரால் வழங்கும் ஏதென்சு அரசியலமைப்பு நூல் அவர் ஆட்சியை மிதமானதென்றே பேசுகிறது. கொடுங்கோன்மை என்றவுடன் தமிழ் மாணவர் உள்ளத்தில் திருக்குறளின் ஓர் அதிகாரமே எழும். ஆட்சி பெற்ற வழியைப் பற்றிய கிரேக்கச் சொல்லை, ஆளும் முறையைப் பற்றிய தமிழ்ச் சொல்லால் பெயர்த்ததால் ஒரு முழுப் பாடமே திரிகிறது. 'வல்லாட்சியர்' என்றோ, 'துரன்னர்' எனக் கடன்சொல்லாகவோ வழங்கி விளக்குவது நன்று.

'அடிமை' என்னும் சொல் இதனினும் நுண்ணியது. கிரேக்க உரோமச் சமூகத்தின் அடித்தளமான அந்நிறுவனத்தைக் குறிக்க இச்சொல்லையே ஆள்கிறோம். ஆனால் திருமலை அடிவாரத்தில் வளரும் மாணவர்க்கு அடிமை என்பது இறைவனுக்கு ஆட்படும் பேறு. ஆழ்வாரும் அவர்வழி வந்தோரும் விரும்பி ஏற்ற நிலை. உரோமச் சந்தையில் விலைக்கு விற்கப்பட்ட மனிதனை அச்சொல் அவர் மனத்தில் முழுமையாக எழுப்புவதில்லை. இதற்குத் தீர்வு தமிழுக்குள்ளேயே இருக்கிறது. பெரியபுராணத்தில் சுந்தரரின் திருமணத்தைத் தடுத்த முதியவர் ஆளோலை ஒன்றைக் காட்டுகிறார், வழக்கு திருவெண்ணெய்நல்லூர் அவைக்குச் செல்கிறது, கையெழுத்து ஒப்பிடப்படுகிறது, தீர்ப்பு வழங்கப்படுகிறது. பக்தியின் கதையாகவே நாம் படிக்கும் அப்பகுதி, மனிதன் மனிதனுக்கு உடைமையாதலையும் அவ்வுடைமை ஆவணத்தால் நிறுவப்படுதலையும் வெளிப்படையாகக் காட்டுகிறது. உரோமச் சட்டத்தில் அடிமை என்பதன் பொருளை விளக்க இதனினும் தக்க நுழைவாயில் தமிழ் மாணவர்க்கு இல்லை. அவ்வாறு கற்பிக்கும்போது நம் பழஞ்சமூகம் பற்றியும் ஒரு கேள்வி எழும். அது எழுவதற்கு அஞ்ச வேண்டியதில்லை.

கைக்கெட்டும் சான்றுகள்

ரேணிகுண்டாவிற்கு அருகில் குடிமல்லம் என்னும் சிற்றூர் உள்ளது. அங்குள்ள பரசுராமேசுவரர் கோயிலின் இலிங்கம், முன்புறத்தில் நின்ற உருவம் செதுக்கப்பட்டது. து. அ. கோபிநாதராவ் அதனை ஆய்வுலகிற்கு அறிமுகப்படுத்தினார். அதன் காலத்தைக் கி.மு. 2 அல்லது 1-ஆம் நூற்றாண்டு எனப் பலர் கருதினும் பின்னுக்குக் கொணர்வோரும் உளர். கோயிலில் பல்லவர், வாணர், சோழர் காலத்துத் தமிழ்க் கல்வெட்டுகள் உள்ளன. முற்பட்ட கணிப்பை ஏற்பின், அச்சிற்பி உளி பிடித்த நூற்றாண்டுகளில்தான் உரோமக் குடியரசு கிரேக்க நாடுகளை வென்று, பின் தானே பேரரசாக மாறிற்று. கால அட்டவணை கற்பிக்கும் ஆசிரியர் கரும்பலகையில் கோடு வரைவதை விட்டு, மாணவரை ஒருநாள் அவ்வூருக்கு அழைத்துச் செல்லலாம்.

வடக்கே சிறிது தொலைவிலுள்ள நெல்லூருக்கு அருகில், 1780-களில் உழவர் ஒருவரின் கலப்பை முனையில் உரோமப் பொற்காசுகள் வெளிப்பட்டன. திராயான், ஹேதிரியன், பாசுதினா ஆகியோரின் காசுகள் அவற்றுள் இருந்தன. தெற்கே புதுக்கோட்டைப் பகுதியில் 1898-இல் கிடைத்த 501 பொற்காசுகளில் பெரும்பாலானவற்றில் பேரரசரின் முகம் வெட்டுப்பட்டுள்ளது. இனி நாணயமாகச் செலாவணியாகாமல் பொன்னாகவே கருதப்படட்டும் என்று வெட்டினர் என்பது ஒரு விளக்கம். சாதவாகனரின் வெள்ளிக் காசுகளோ வேறொரு கதையைச் சொல்கின்றன. அவற்றின் ஒருபுறம் அரசன் தலையும் பிராகிருத வாசகமும், மறுபுறம் தமிழ் வாசகமும் உள்ளன. காசில் அரசன் முகத்தைப் பொறிக்கும் வழக்கம் இந்தோ-கிரேக்கரிடமிருந்து மேலைச் சத்திரபர் வழியே வந்தது. ஆக, ஒரு சிறு வெள்ளித் தகட்டில் கிரேக்க வழக்கும் பிராகிருதமும் தமிழும் கூடியுள்ளன. எல்லைப்புற மாணவர்க்கு இக்காசே ஒரு பாடநூல்.

இவை யாவற்றினும் வகுப்பறைக்கு ஏற்றதெனத் தோன்றுவது முசிறி பற்றிய இரு சான்றுகளின் இணைவாசிப்பு. எருக்காட்டூர்த் தாயங்கண்ணனாரின் அகநானூற்றுப் பாடல் ஒன்று, யவனரின் மரக்கலங்கள் பொன்னோடு வந்து மிளகோடு மீளும் காட்சியைத் தருகிறது. அது கரையில் நின்று கண்ட தமிழரின் பார்வை. வியன்னாவில் பாதுகாக்கப்பெறும் ஒரு பாப்பிரசுத் தாள் 1985-இல் வெளியிடப்பட்டது. கி.பி. 2-ஆம் நூற்றாண்டைச் சார்ந்த அத்தாளின் ஒருபுறம் முசிறிப் பயணம் தொடர்பான கடன் ஒப்பந்தமும், மறுபுறம் எர்மபொல்லோன் என்னும் கப்பலில் வந்த சரக்குகளின் மதிப்பும் கிரேக்க மொழியில் எழுதப்பட்டுள்ளன. கங்கைக்கரை நறுமணப் பொருளும் யானைத் தந்தமும் அதில் காணப்படுகின்றன. மொத்த மதிப்பு ஏறத்தாழ எழுபது இலட்சம் செசுதெர்சு. இந்தியா ஆண்டுதோறும் ஐந்து கோடி செசுதெர்சுக்குக் குறையாமல் உரோமின் செல்வத்தை ஈர்க்கிறது என்று பிளினி வருந்தியதற்கு ஒரே கப்பலின் கணக்கு விளக்கம் தருகிறது.

இரண்டையும் அருகருகே வைக்கும்போது முரண்களும் புலனாகும். பாடலில் மிளகே முதன்மை. எஞ்சியுள்ள தாளின் பகுதியில் மிளகு இல்லை. பாடலில் கடனும் வட்டியும் இல்லை. தாளில் கரையும் நுரையும் இல்லை. புலவர் பொன் வந்ததைக் கண்டார். அலெக்சாந்திரியாவின் எழுத்தர் நாலில் ஒரு பங்கு சுங்கம் போகவிருந்ததைக் கண்டார். எச்சான்று எதை மறைக்கிறது, எதனால் மறைக்கிறது என்று மாணவர் எழுதிப் பழகினால், உரோம இயலின் தொடக்கத்திலுள்ள சான்றுப் பாகுபாடு அவருக்குத் தானே கைவரும். இதற்குக் கிரேக்க மொழியறிவு தேவையில்லை. தாளின் தமிழாக்கமும் தெலுங்காக்கமும் எதிரெதிர்ப் பக்கங்களில் அமைந்த, பாடலின் எளிய உரையும் இணைந்த, முப்பது பக்கச் சிறுநூல் ஒன்று போதும். தமிழாக்கம் ஆங்கிலத்தின் வழியே வராமல் கிரேக்க மூலத்தை நோக்கி அமைய வேண்டும். அதற்குரிய கிரேக்கப் பயிற்சி பெற்ற தமிழாசிரியர் ஒருவரையேனும் உருவாக்கும் பொறுப்பு நம் மொழி நிறுவனங்களைச் சார்ந்தது.